நீங்களே கண்டுபிடிங்க

ரோபோ இரண்டாவது மூலையில் திரும்பி முடித்தபோதும் வரலாற்று டீச்சர் இழுத்த மூச்சை விடவில்லை.

தரையில் சாக்பீஸால் போட்ட கோடு. நடுவில் ஓர் அட்டைப்பெட்டி. அதைச் சுற்றி வந்து, புறப்பட்ட கட்டத்திலேயே ரோபோ நிற்க வேண்டும்.

அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுக்கே மூன்று வாரம் ஆகியிருந்தது.

வாசலில் தலைமை ஆசிரியை நின்றார். கையில் மாணவர் போட்டிக்கான விண்ணப்பம். பேனாவின் மூடியை அவர் இன்னும் கழற்றவில்லை.

"சுத்தி வந்துச்சுன்னா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா எல்லாத்தையும் அலமாரியில வெச்சுப் பூட்டிடலாம்" என்று வரும்போதே சொல்லிவிட்டார்.

வரலாற்று டீச்சருக்குப் போர்கள் நடந்த ஆண்டெல்லாம் தலைகீழ்ப் பாடம். ரோபோவுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று மட்டும் தெரியாது. பள்ளி திறந்த முதல் வாரம், "இந்த வருஷம் ரோபோ குழுவை நீங்கதான் பாத்துக்கணும்" என்று தலைமை ஆசிரியை சொன்னபோது, வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்து இவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் சுவர்தான் இருந்தது.

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்து பிள்ளைகளுக்கு முன்னால் நின்றபோது, தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அதனால் ஒரு தந்திரம் செய்தார். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் கையைக் கட்டிக்கொள்வார். விடை நாக்கு நுனியில் இருந்தும் வேண்டுமென்றே சொல்லாதவர் போல லேசாகச் சிரிப்பார்.

"நீங்களே கண்டுபிடிங்க."

மோட்டார் ஒயரை எந்தத் துளையில் சொருகுவது? கண்டுபிடிங்க. லேப்டாப்பில் எழுதிய புரோகிராமை ரோபோவுக்குள் எப்படி அனுப்புவது? கண்டுபிடிங்க. முன்னால் போ என்றால் பின்னால் போகிறதே டீச்சர்?

அதையும்தான்.

வீட்டுக்குப் போய்க் கையேட்டைப் பிரித்தால் முதல் பக்கம் புரியும். இரண்டாம் பக்கம் புரிவது போல இருக்கும். மூன்றாம் பக்கத்தில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிடும்.

போன வாரம்தான் நிஜமாகவே மாட்டிக்கொண்டார். தொண்ணூறு டிகிரி திரும்பு என்று புரோகிராம் எழுதினால், ரோபோ திரும்பவே இல்லை. யாரோ கூப்பிட்டது காதில் அரைகுறையாக விழுந்தது போல முகத்தை மட்டும் லேசாகச் சாய்த்துவிட்டு நின்றது. பத்து முறை செய்தார்கள். பத்து முறையும் அதே கதைதான். ஐந்து முகங்களும் அவரைப் பார்த்தன. "கண்டுபிடிங்க" என்று சொன்னபோது குரல் நடுங்கியது அவருக்கே கேட்டது.

வாலு என்று எல்லோரும் கூப்பிடும் ஏழாம் வகுப்புப் பெண் தரையில் குப்புறப் படுத்தாள். சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள். ரோபோவை மறுபடி ஓடவிட்டார்கள். புள்ளி சரியாகக் கால் வட்டம் சுற்றி நின்றது.

"ஏய்! தொண்ணூறு டிகிரி சுத்தறது சக்கரம்டா, ரோபோ இல்ல!" என்று கத்தினாள்.

அப்புறம், சக்கரம் எவ்வளவு சுற்றினால் ரோபோ முழுசாகத் திரும்பும் என்று ஐந்து பேரும் நோட்டில் எழுதினார்கள், அடித்தார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி எழுதினார்கள். டீச்சர் பக்கத்தில் நின்று, எல்லாம் முன்னமே தெரிந்தவர் போலத் தலையாட்டினார்.

இப்போது மூன்றாவது மூலை. கடைசித் திருப்பம்.

ரோபோ நின்றது.

திரும்பியது.

கடைசிக் கோட்டில் கொஞ்சம் இடதுபக்கமாகச் சாய்ந்து, தள்ளாடி வந்து, புறப்பட்ட கட்டத்துக்குள் ஒன்றரைச் சக்கரத்தை வைத்து நின்றது.

தலைமை ஆசிரியை பேனா மூடியைக் கழற்றிய சத்தம் கேட்டது. விண்ணப்பத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டார்.

அறை அதிர்ந்தது. ஒருவன் அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான்.

டீச்சர் கைக்கு எட்டிய ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிவிட்டது. இன்னொன்று மட்டும் பாக்கி. அதையும் இப்போதே இறக்கிவிடலாம் என்று தோன்றியது.

"பிள்ளைங்களா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. மொத நாள்லேருந்தே தெரியாது."

வாலு ரோபோவின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும் டீச்சர்."

"என்னது?"

"போன வருஷம் இருந்த சாருக்கு எல்லாமே தெரியும். நாங்க கேக்கறதுக்குள்ள அவரே செஞ்சு முடிச்சிடுவாரு. வருஷம் பூரா நாங்க அவரு முதுகைத்தான் பாத்துட்டிருந்தோம்."

பக்கத்திலிருந்த கண்ணாடிக்காரன் அவளை முழங்கையால் இடித்தான். அவள் நிறுத்துவதாக இல்லை.

"அதான் இந்த வருஷம் ஹெச்.எம். கிட்ட லெட்டர் எழுதிக் குடுத்தோம். ரோபோவைப் பத்திச் சுத்தமா எதுவும் தெரியாத டீச்சர்தான் வேணும்னு."

டீச்சர் விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுல என் பேரை எழுதியிருந்தீங்களா?"

"சேச்சே! பேரெல்லாம் எழுதல டீச்சர்" என்றாள் வாலு. "படிச்சு முடிச்சதும் ஹெச்.எம்.மே உங்க பேரைச் சொல்லிட்டாங்க."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது.