வலது பக்கம்

ஆஸ்பத்திரியின் காதுப் பரிசோதனை அறையில் தவேந்திரன் ஹெட்போனைக் கழட்டினார்.

"பிள்ளை, இதில வலது பக்கம் வேலை செய்யேல்லை. வயர் அறுந்திருக்கும்."

"இன்னொருக்கால் போட்டுப் பாருங்கோ, ஐயா."

போட்டுப் பார்த்தார். இடது பக்கம் மட்டுமே கேட்டது. பளையில் அவருடைய வீட்டு அறை முழுக்கப் பழைய ஹெட்போன்கள்தான். பழுதாய்க் கிடந்த எத்தனையோ ஹெட்போன்களைப் பொழுதுபோக்காகத் திருத்திப் பாட வைத்தவர்.

"வயரில ஈயம் பத்த வைச்சால் சரி. நானே செய்து தாறன்."

பரிசோதனை செய்த பெண் ஹெட்போனை வாங்கித் தன் காதுகளில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவருடைய இடது பக்கமாக வந்து குனிந்தாள்.

"ஐயா, ஹெட்போன் நல்லாத்தான் இருக்கு. உங்கட வலது காதுதான் கேக்கேல்லை."

வாசலில் நின்ற மனைவி சுதாஜினி, கையிலிருந்த ஆஸ்பத்திரிக் குறிப்புக் கொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தவேந்திரன் நம்பவில்லை. ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போட்டார்.

"இப்ப சத்தத்தைப் போடுங்கோ, பிள்ளை."

அப்போதும் இடது காதில் மட்டும்தான் கேட்டது.