தண்ணீர் விசாரிக்க வந்தவர்கள்

“தண்ணிக் கஷ்டமா? எங்க தெருவுலயா? முதல்ல உக்காருங்க” என்று பொன்னுத்தங்கம் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கூட வந்த பெண்ணுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ‘இங்கன தண்ணி எப்படி வருதுன்னு கேக்க வந்தோம்’ என்று அவர் வாசலில் ஆரம்பித்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மேற்கொண்டு பேச விடவில்லை.

மகன் தருண்குமாருக்கு சிவகாசியிலேயே காலண்டர் அச்சகத்தில் நல்ல வேலை. ஆனால் தண்ணீர் வராத தெரு என்று இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. “காரியாபட்டிப் பொண்ணு வீட்ல சொல்லாமக் கொள்ளாம வந்து தண்ணி விசாரிப்பாக. சூதானமாப் பேசுங்க” என்று தரகர் ஆண்டிச்சாமி நேற்றுத்தான் எச்சரித்தார்.

“எத்தன நாளைக்கு ஒருக்க வருது?”

“தெனமும்.”

“லாரித் தண்ணி வாங்குவீகளா?”

“லாரி எங்க தெருவுக்குள்ள நொழைஞ்சதே இல்ல.”

காலையில் லாரித் தண்ணீர் இறக்கிய ஈரம் வாசலில் இன்னும் காயவில்லை. அவள் மறைத்து நின்றுகொண்டாள்.

“மோட்டார் வச்சு உறிஞ்சணுமோ?” அந்தப் பெண் கேட்டாள்.

“எதுக்கும்மா? தொறந்தா மூஞ்சியில அடிக்கும். வர்ற மருமக குடமே தூக்க வேண்டியதில்ல.”

எதிர்வீட்டுப் பாண்டிமீனா எட்டிப் பார்த்தாள். பொன்னுத்தங்கம் கண்ணைக் காட்டினாள். “ஏ மீனா, நம்ம தெருத் தண்ணியப் பத்தி நீயே சொல்லு.”

மீனா ஒரு நொடி முழித்தாள். “அதுக்கென்ன மதினி, ஆறா ஓடுது.”

அவர் திருப்தியாக எழுந்தார்.

“அப்ப நல்ல சேதி எப்பச் சொல்லுவீக?” என்றாள் பொன்னுத்தங்கம்.

“இப்பவே சொல்லிருறேம்மா. நாங்க குடிநீர் இஞ்சினியருங்க. புதுப் பைப்லைன் இப்போதைக்கு ஒரு தெருவுக்குத்தான் போட முடியும். உங்களுக்குத் தேவைப்படல. பக்கத்துத் தெருவுக்குக் குடுத்துருவோம்.”

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பொன்னுத்தங்கம் வாசலிலேயே நின்றாள்.

மீனா கிட்டே வந்து மெல்லக் கேட்டாள். “அப்ப காலையில தண்ணி எப்படினு கேட்டுட்டு வந்தாரே ஒருத்தரு, அவரு யாரு மதினி? பைப்பு போடுற இஞ்சினியர்னு நெனச்சு, மாசத்துக்கு ரெண்டு தடவ வந்தாப் பெருசுன்னு ஒண்ணு விடாமச் சொல்லி அழுதுட்டேனே. எல்லாத்தையும் கேட்டுட்டு, காரியாபட்டி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாரு.”