சுண்ணாம்புக் கோட்டு வீடு

"ஐயா, ஐயா! சுவருக்குள்ள நிக்கிறீங்க, கொஞ்சம் தள்ளுங்க!"

பெரியவர் திடுக்கிட்டுக் காலைத் தூக்கினார். குனிந்து பார்த்தால் சுவருமில்லை, ஒன்றுமில்லை. நகராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த வெற்று மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுதான் போட்டிருந்தது.

"இதுவாம்மா வீடு?"

"வீடேதாங்க. கட்டப் போற அளவு, ஒரு அங்குலம் கூடக் குறையாது. வாசல் அந்தப் பக்கம் இருக்கு. அம்மாவையும் கூட்டிக்கிட்டுச் சுத்தி வாங்க."

சொன்னவள் நகராட்சிக்குப் புதிதாக வந்திருந்த பொறியாளர். வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பேருக்குத்தான் நகராட்சி. கடைத்தெருவைத் தாண்டினால் நாலா பக்கமும் வயல்தான். அந்த வயல்களுக்கு நடுவே தகரக் கொட்டகையிலும் தார்ப்பாய்க்கு அடியிலும் குடியிருப்பவர்களுக்கு வீடு கட்டும் திட்டம் அவள் தலையில் விழுந்திருந்தது. வரைபடத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள் என்றால் யாருக்கு என்ன புரியும்? அவள் காலையிலேயே வாளியும் கயிறுமாக வந்து, வீட்டையே தரையில் வரைந்துவிட்டாள். விண்ணப்பம் போட்டவர்களையும் வரிசையில் நிறுத்திவிட்டாள். இருபது வருடம் நாற்காலியைத் தேய்த்தவர்களுக்குக்கூடத் தோன்றாத யோசனை!

"ஏம்மா, நான் வந்தது..." என்று பெரியவர் ஆரம்பித்தார்.

"வந்ததுதான் வந்துட்டீங்க, பத்து நிமிஷம் குடித்தனம் பண்ணிட்டுப் போங்க. அக்கா, நீங்கதான் இவங்க பொண்ணு. உள்ள வாங்க."

வரிசையில் முதலாவதாக நின்ற தையல்காரப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நானா? இவருக்குப் பொண்ணா? ஐயோ, வேணாம் மேடம்."

"சும்மா வாங்கக்கா. கடிச்சுத் தின்னுடவா போறாரு?"

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியவரின் மனைவி அதற்குள் வாசல் வழியாக நுழைந்து, மையமாக நின்றுகொண்டாள். "நம்ம வீட்ல ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடிக்க மாட்டாரு. இங்கயாவது குடும்பம் நடத்தட்டும், விடும்மா."

பொறியாளர் குரலை உயர்த்தினாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. முதல் பிளான்ல ரெண்டு ரூம். ஒரு ரூமை எடுத்துட்டா நாப்பது வீட்டுக்குப் பதிலா அறுபது கட்டலாம்னு நம்ம தலைவர் சொல்றாரு. பதினோரு மணிக்குக் கூட்டத்துல ஓட்டு. இது அந்த ஒத்த ரூம் வீடு."

"இன்னும் இருபது குடும்பம் பிழைச்சுப் போகுமே, நல்லதுதானே?" என்றார் பெரியவர் விறைப்பாக.

"நல்ல மனசுலதான் சொல்றாருங்க. அதான், ஒரு தடவை வாழ்ந்து பாத்துடுவோம். படுங்க."

"எங்க?"

"தரையிலதான். ராத்திரி ஆயிடுச்சு, எல்லாரும் தூங்கணும்."

"வெயில் மண்டையைப் பிளக்குது, ராத்திரியாம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே பெரியவர் படுத்தார். என்ன நெஞ்சழுத்தம் அந்தப் பெண்ணுக்கு! விண்ணப்பித்தவர்களிடம் இரவல் வாங்கி வைத்திருந்த சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினாள். கட்டில் வந்தது. மூட்டுவலி என்று பெரியவரின் மனைவி அதில் ஏறிப் படுத்துக்கொண்டாள். அடுப்பும் தையல் மிஷினும் வந்தன. நெல் மூட்டை இரண்டு வந்தது.

"அக்கா, உங்க கால் பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு. மடக்குங்க."

தையல்காரப் பெண் காலை மடக்கினாள். முட்டி இடித்து மூட்டை சாய்ந்தது. பெரியவர் அந்தப் பக்கம் நகர்ந்தார், அங்கே அவர் மூக்குக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் டேங்க்.

"சே! என்ன நாத்தம் இது?"

"பூச்சிமருந்து அடிக்கிற டேங்குங்க. வயல் வேலைக்குப் போறவங்க வேற எங்க வைப்பாங்க? வெளிய வெச்சா விடியறதுக்குள்ள காணாமப் போயிடும்."

"குழந்தைங்க தூங்குற இடத்துலயா?" பெரியவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"எங்க கொட்டகையில சின்னவன் தலைமாட்டுலதாங்க இருக்கு" என்றாள் தையல்காரப் பெண் மெல்ல. "போன மாசம் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தான். பிழைச்சதே பெருசு."

சிரிப்பு அடங்கிவிட்டது. கட்டிலில் இருந்தவள் எட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் எழுந்து வாளியை வாங்கி, தானே குனிந்து கோடு இழுத்தார். பின்பக்கம் இன்னொரு அறை வந்தது. அதையொட்டி, வெளியே கதவு வைத்து ஒரு சின்ன அடைப்பும் வந்தது.

"மருந்து, மண்வெட்டி எல்லாத்தையும் இதுல பூட்டி வைக்கட்டும். அளவு எடுத்துக்கோம்மா."

கோடு கோணல்மாணலாகத்தான் இருந்தது. பொறியாளர் அதைத் திருத்தாமல் அப்படியே அளந்து எழுதிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் கூட்டத்துக்கான காகிதக் கட்டோடு வந்த எழுத்தர், மைதானத்தைப் பார்த்ததும் சிலையாக நின்றுவிட்டார். பெரியவர் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே அவரிடம் வந்தார்.

"என்னய்யா முழிக்கிறே? எல்லாரையும் உள்ள கூப்பிடு, கூட்டத்தை ஆரம்பிச்சிடலாம். ரெண்டு ரூம்தான், அதுல மாத்தமில்ல. மிச்ச இருபது வீட்டுக்கு நான் மேல போய்ச் சண்டை போட்டுக்கிறேன்."

அவர் படியேறும்வரை காத்திருந்த எழுத்தர், தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு மேடம், போச்சு! நகராட்சித் தலைவரையா மண்ணுல படுக்க வெச்சீங்க? ஊருக்குப் புதுசு, ஆள் தெரியாமப் பண்ணிட்டீங்கன்னு நான் வேணா சொல்லிப் பாக்கறேன்."

"தெரியாம என்னங்க?" பொறியாளர் அளவு நாடாவை நிதானமாகச் சுற்றினாள். "மூணு வாரமா அவர் போட்டோவுக்குக் கீழதானே உக்காந்திருக்கேன்!"