தரை ஆடுதா

"யார கேட்டு இத உள்ள போட்ட?"

மேனேஜர் தினகரன் செலினின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டார். அவர் விரல் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரியைக் குத்திக்கொண்டிருந்தது.

'எழுந்து நின்றால் தலைசுற்றல் உண்டா?'

அதன் கீழே, நர்ஸ்கள் பார்த்துக் கேட்பதற்கு வசதியாக, சின்ன எழுத்தில் இன்னொரு வரி. 'எய்ந்து நின்னா தரை ஆடுதா?'

"கிளையன்ட் காலைலருந்து உயிர எடுக்குறான். நான் தூக்கிப் போட்ட கேள்வி எப்படி திரும்பி வந்துச்சு? பேய் மாதிரி தானா வந்து ஒக்காந்துக்குச்சா?"

"நீங்கதானே சார் கையெழுத்து போட்டீங்க."

அவள் சொன்னது பொய் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர்கள் கம்பெனி செய்வது மருந்து ஆய்வுகளுக்கான சாஃப்ட்வேர். புது மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் ஆஸ்பத்திரியில் என்னென்ன கேட்க வேண்டும் என்ற படிவங்களை ஒருமுறை செய்து லைப்ரரியில் போட்டு வைப்பார்கள். அடுத்த ஆய்வு வந்தால் அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள். எடுத்துக் கொடுப்பது செலின். மொத்தமாகக் கையெழுத்துப் போடுவது தினகரன்.

லைப்ரரியிலிருந்து வந்த படிவத்தை யாரும் மறுபடி திறந்து பார்ப்பதில்லை. அவரும் பார்க்கவில்லை.

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். அம்மா. வெட்டிவிட்டார்.

அந்தக் கேள்வியை முன்பு அவர் வெட்டியதும் இப்படித்தான். காரணம் எழுதச் சொல்லும் கட்டத்தில் 'தேவையில்லை' என்று ஒரே வார்த்தை. படிவம் சின்னதானால் கிளையன்ட்டுக்குச் சந்தோஷம்.

அந்தச் சின்னப் படிவம் போன முதல் ஆய்வில் செலினின் தம்பி ஆஷ்லி இருந்தான். ரத்தக்கொதிப்பு மாத்திரை. எழுந்து நின்றால் தரை ஆடுகிறது என்று அவன் சொல்லித்தான் இருக்கிறான். அந்த நர்ஸ் பாவம், திரையை மேலும் கீழும் தேடிவிட்டு, அதை எழுத இதில் இடமே இல்லையேப்பா என்று அனுப்பிவிட்டாள்.

ஆஷ்லி பெயின்டர். மறுநாள் சென்னீர்குப்பத்தில் ஒரு கட்டடத்தின் சாரத்தில் ஏறினான். அங்கிருந்து விழுந்தான்.

'தேவையில்லை' என்று அடித்த விரல் துடிக்க வேண்டும் என்று செலின் மேனாம்பேடு சர்ச்சில் முட்டி போட்டுக் கேட்டிருக்கிறாள். எந்த ஃபாதரிடமும் அதைச் சொன்னதில்லை.

"கல்லு மாதிரி ஒக்காந்துகினு இருக்காத. எடு அத. இப்பவே."

"எடுத்துர்றேன் சார்." கேள்வியை நீக்கும் பக்கத்தைத் திறந்து, கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். "உங்க பாஸ்வேர்ட் மட்டும் போடுங்க."

அவர் குனிந்தார். மறுபடி போன். சலிப்போடு ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"இன்னாம்மா, வேலைல கீறேன்."

"டேய் நைனா, பூந்தமல்லி ஆஸ்பத்திரில கீறேன்டா. இந்த நர்சம்மா கேக்குது, எய்ந்து நின்னா தரை ஆடுதான்னு. ஆடுதுடா. அந்த மாத்திரைய போட்டதுலருந்து ஆடுது. நீ சேத்துவுட்டதாச்சே, ஒனக்கு எதுனா கெட்ட பேரு ஆயிடப் போவுதுன்னு வாயத் தொறக்கல. இன்னான்னு சொல்லட்டும்?"

தினகரனின் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டன.

"டேய், கீறியா?"

"பாஸ்வேர்ட் சார்," என்றாள் செலின்.

அவர் போனை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டார். "ஆமான்னு சொல்லும்மா. ஆமான்னே சொல்லு. நான் வர்ற வரைக்கும் எய்ந்திரிக்காத."

பிறகு திரையைப் பார்க்காமல் சொன்னார். "அது இருக்கட்டும்."

"வாயால சொன்னா ஆவாது சார். இருக்கட்டும்னா அதுக்கும் காரணம் எழுதணும்."

கட்டத்தைத் திறந்து காட்டினாள். அவருடைய பழைய வார்த்தை அவர் பெயரோடு மேலேயே இருந்தது. செலின் நாற்காலியை நன்றாகத் தள்ளிப் போட்டு அவருக்கு இடம் விட்டாள். நிதானமாக எழுதட்டும்.

'தேவை' என்று அடித்தார். அதற்கே இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தார்.

"அந்த ரெண்டாவது வரி... எங்கம்மா பேசுற மாதிரியே கீது. யாரு எழுதுனது?"

"என் தம்பி நர்சுகிட்ட சொன்னது சார். இப்பல்லாம் அவனுக்குத் தரை ஆடுறதில்ல." செலின் முதல்முறையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "எய்ந்து நின்னாத்தானே."

தினகரன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தவர், கண்ணாடிக் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கோம்மா. நல்ல வேள, இந்த ஸ்டடிலயாவது திரும்பப் போட்டியே."

"ஆமா சார்."

அவர் போனதும் செலின் படிவத்தை மூடினாள். பின்னால் லைப்ரரிப் பட்டியல் தெரிந்தது. ஆஷ்லி விழுந்த பிறகு மூன்று ஆய்வுகள் போயிருந்தன. மூன்றும் ரத்தக்கொதிப்பு மாத்திரைகள்தான். மூன்றுக்கும் சின்னப் படிவத்தையே எடுத்துக் கொடுத்திருந்தாள்.

கேள்வி சேர்த்த படிவம் அப்போதே அவளிடம் தயாராக இருந்தது.

அதற்கடுத்து இந்த ஆய்வு வந்த சமயம், ஒரு மதியம், கேன்டீனில் பக்கத்து மேசையில் தினகரன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், தன் அம்மாவை இதில் சேர்க்கப் போவதாக. செலின் டிபன் பாக்ஸைக் கழுவாமல்கூட எழுந்து தன் சீட்டுக்கு வந்து, அந்தக் கேள்வி சேர்த்த படிவத்தை லைப்ரரியில் போட்டாள்.