வளைவில் இறங்கியவள்

பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ் மலை வளைவில் நிற்கிறது. மழையில் சரிந்த மண்ணை வாரிக்கொண்டிருந்த இராணுவத்தான் ஒருவன் கையைக் காட்டியதுதான் தாமதம், இராக்கம்மா இறங்கிவிடுகிறாள். யுத்தம் முடிந்து பதினைந்து வருடமாகியும் அவள் கால்களுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. தூறலில், யாரும் சொல்லாமலே, தெருவோரமாக வரிசையில் நிற்கிறாள். வரிசையில் அவள் ஒருத்திதான். ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்த அடையாள அட்டை பொலித்தீன் உறைக்குள் வியர்த்திருக்கிறது. மகள் விதுஷா பின்னாலேயே இறங்கி வந்து கையைப் பிடிக்கிறாள். “மண்ணுதாம்மா சரிஞ்சு கெடக்கு. ஏறுங்க.” “ஒன்னோட ஐசி எங்கடி?” “வீட்டுல இருக்கு. இப்ப யாரும்மா அதக் கேக்குறா?” மண் வாரும் சத்தம் நின்றுபோகிறது. மகள் வயதுதான் இருக்கும் அந்த இராணுவத்தானுக்கு; மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான். இராக்கம்மா சட்டென்று மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள். முப்பது வருடத்துக்கு முன் இதே வளைவில், பஸ்ஸை நிறுத்தி ஐசி கேட்ட இராணுவத்தானிடம், “வேற சட்டையில இருக்குங்க” என்று அவள் அண்ணன் அழகரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பஸ் அவன் இல்லாமல்தான் பதுளைக்குப் போனது.