படுக்கை விரிப்பு

“கையெழுத்து அப்பால போடறேன் டீச்சர். ஆளு படுத்துக்கினு கீறப்பவே பெட்ஷீட்ட மாத்துவாளாமே, அத்த மொதல்ல காட்டச் சொல்லுங்க.”

சைதாப்பேட்டை ரிக்‌ஷாக்காரர் சேட்டு இப்படிக் கேட்பார் என்று சுலோச்சனா டீச்சர் எதிர்பார்க்கவில்லை. சாந்தோமில் பதினோராம் வகுப்புப் பெண்களுக்கு நர்ஸ் உதவியாளர் வேலை கற்றுக்கொடுப்பவர் அவர். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்ற அப்பாக்கள் ஒன்பது பேரை மடக்கியாயிற்று. இவர் பத்தாவது. மகள் ஜானகி ஆறு மாதம் ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் தங்கிப் பழகினால் வேலை நிச்சயம். நாளைக் காலையில் கிளம்ப வேண்டும். இன்றைக்கு அப்பா கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

அவ்வளவுதானே என்று வகுப்புக் கட்டிலில் அவரையே படுக்கச் சொன்னார் டீச்சர். ஜானகி அப்பாவை ஒருக்களித்துப் புரட்டினாள். பழைய விரிப்பை முதுகோரம் சுருட்டிப் புதியதை விரித்தாள். மறுபக்கம் புரட்டிப் பழையதை உருவினாள். இரண்டே நிமிடம். டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

“இன்னொரு தபா காட்டு,” என்றார் சேட்டு.

காட்டினாள். மனுஷர் விடுவதாயில்லை. தலையணை எங்கே வைப்பது, எத்தனை மணிக்கொரு தரம் புரட்டுவது என்று குடைந்தார். குற்றம் கண்டுபிடிக்கவே வந்திருக்கிறார் என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சுருக்கம் இருந்தா இன்னா ஆவும்?”

“முதுகுல புண்ணு வரும் நைனா,” என்றாள் ஜானகி நிதானமாக.

சேட்டு இறங்கி, மகளைப் படுக்கச் சொல்லி, தானே விரிப்பை மாற்ற ஆரம்பித்தார். இதெல்லாம் ஒரு வேலையா என்று குத்திக்காட்டுகிறாராக்கும்.

“பொண்ணு முன்னுக்கு வரக்கூடாதுன்னு கங்கணம் கட்டிட்டு வந்தீங்களா?” என்று கேட்டே விட்டார் டீச்சர்.

சேட்டு கடைசிச் சுருக்கத்தையும் உள்ளங்கையால் நீவினார். சரியாக இருக்கிறது என்று மகள் சொன்ன பிறகுதான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“இவ அம்மா ரெண்டு வருசமா எழுந்திரிக்க முடியாம கெடக்குறா டீச்சர். இவதான் பாத்துக்கினு இருந்தா. நாளையிலருந்து நான் பாத்துக்கணுமில்ல?”