வெறும் வாசல்

செண்பகவல்லியை ஆபரேஷனுக்குச் சேர்த்ததிலிருந்து வாசலில் கோலமில்லை. இழவு வீடுபோல இருக்கிறதென்று அவள் கணவர் நல்லபெருமாள் பின்கதவு வழியாகவே புழங்கினார். அவர் கனிமப் பரிசோதகர். இருட்டத் தொடங்கி, கரண்டும் போயிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கைக்குக் கிடைத்த, கற்களை ஒளிரவைத்துச் சோதிக்கும் புற ஊதா விளக்கோடு, சிக்னலுக்காக முன்வாசலுக்கு ஓடினார். ஒளி பட்டதும், சிமெண்டுத் தரையின் நுண்துளைகளில் தங்கியிருந்த கோலக்கல் பொடி செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. பழைய கோலங்களெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக எழுந்து வந்தன. “ஏங்க, முழிச்சிட்டேன்” என்றது அவள் குரல். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “அழாதீங்க. வாசல வெறுமனே போட்டு வச்சிருக்கீங்களா?” “இல்ல, கோலம் இருக்கு.” “யாரு போட்டா?” “நீதான்” என்று சொல்லி, மிதித்துவிடாமல் காலை மடக்கிக்கொண்டார்.